அங்கே விடிகிற நேரம்

வேலூர் பஸ் ஆரணிக்குள் நுழையும்போது சூரியன் அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு மேலே இருந்தால் என் வீட்டுக்காரருக்கு அன்று சாப்பாடு உண்டு. புகைபோக்கிக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தால் மறுநாள் காலைவரை வெறும் வயிறுதான். நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதும் கணக்கில் சேராது, சூரியன் இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கு நடந்து, கைகால் கழுவி உட்காருவதற்குள் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்பதால், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவசர அவசரமாகச் சமைத்து, நாலடுக்குக் கேரியரில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றுவிடுவேன். எண்பதாம் வருஷத்தில் ஆரணியில் படித்த பெண்களிடம் கணக்கு டீச்சர் சக்ரேஸ்வரி என்று கேட்டால் யோசிப்பார்கள். கேரியர் டீச்சர் என்றால் உடனே சிரித்துவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தணிகாசலத்தின் சாயப்பட்டறை இருந்தது. தறிக்காரர்களுக்குப் பட்டு நூலைச் சாயத்தில் முக்கிக் கொடுப்பது அவர் தொழில். முக்கி எடுத்த நூலை மூங்கில் கழிகளில் வரிசையாக மாட்டிக் காயவிட்டிருப்பார். ஒரு நாள் பார்த்தால் அவர் கை முழங்கைவரை அரக்கு நிறம், இன்னொரு நாள் மயில்கழுத்து. அவர் மகள் கண்ணகி என்னிடம் படித்தவள். அந்த மரியாதையில் ஒரு பெஞ்சையும் குழாயடியையும் எங்களுக்கு விட்டுக் கொடுத்திருந்தார். அவருக்கும் சூரியன் தயவு வேண்டும். பட்டு முதலாளி மாதிரிக்குக் கொடுத்தனுப்பிய துணித் துணுக்கோடு நூலின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் ஏமாந்துவிடுவார்.

"உங்க சாமிக்கும் எங்க தொழிலுக்கும் ஒரே ரூலுதான் டீச்சரம்மா. வெளிச்சம் போச்சின்னா கடையக் கட்டிட வேண்டிதான்," என்பார்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்து நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிடுவோம். கேரியரின் பெரிய அடுக்கில் அவருக்கு, கவிழ்த்த மூடியில் எனக்கு. தலைக்கு மேலே நூல் சொட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். படித்த இரண்டு பேர், வீடு வாசல் இருக்கிறவர்கள், பிச்சைக்காரர்களைப் போலப் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே என்று ஊரில் பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷம் தனியாகச் சாப்பிட்டவளுக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதா முக்கியம்?

தரணேந்திரன் என்பது அவர் பெயர். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். ஏர்மெயில் கவரில் எழுதி எழுதி எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், எழுபத்தாறில், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டது. சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நானும் போயிருக்கலாம். என் அப்பா பக்கவாதம் வந்து தெள்ளாரில் படுத்திருந்தார். அவருக்கு நான் ஒரே பெண். அதனால் நான் ஏரோப்ளேன் பார்க்க மீனம்பாக்கம் போனதோடு சரி. இவர் திரும்பி வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆராய்ச்சிக்கென்று அவர்கள் கொடுக்கிற விசாவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வந்தாய், கற்றாய், இனி உன் நாட்டுக்குப் போய் இரண்டு வருஷம் இரு, கற்றதை அங்கே கொடு, அதன் பிறகு வேண்டுமானால் வேலைக்கென்று வா. இதுதான் சட்டம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இவரைப் பிடித்துப்போய் ஆசிரியர் வேலையே தருகிறோம் என்றார்கள். தருகிறோம், ஆனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் தர முடியும். எழுபத்தொன்பது கார்த்திகையில் இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கினார். நான் வேண்டிக்கொண்டதற்கு வந்தார் என்று ஊரார் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். உண்மையில் என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தது அமெரிக்க அரசாங்கம். அதுவும் இரவலாகத்தான் கொடுத்தது.

அங்கே இருந்தபோது அவர் சாப்பாட்டு விதியை விடவே இல்லை. குளிர்காலத்தில் நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்று எழுதுவார். ஆய்வகத்தில் எல்லோரும் மத்தியானக் காபி குடிக்கிற நேரத்தில் இவர் ஜன்னலோரம் நின்று டப்பாவைத் திறந்து ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிடுவாராம். பேராசிரியர் முதலில் சிரித்தாராம், பிறகு அந்த நேரத்துக்கு யாரும் இவரைக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டாராம். கோடையில் ஒன்பது மணிவரை சூரியன் போகாது. 'இன்று எட்டரைக்குச் சாப்பிட்டேன், பாவமில்லை' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. 'நீ அங்கே விளக்கு வைக்கும்போது எனக்கு இங்கே விடிகிறது' என்று இன்னொரு கடிதத்தில். அதைப் படித்த நாளிலிருந்து நான் விளக்கு வைக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று, இப்போது கண் விழித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். சாமிக்கு வைத்த விளக்கா அவருக்கு வைத்த விளக்கா என்று எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் தறி நெய்கிறவள், கேள்வி கேட்பதில் வக்கீல். "அப்போ நம்ம ராத்திரியில அவுரு சாப்புடுவாரா? பாவம் ஆவாதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"எந்த ஊர்ல இருக்கமோ அந்த ஊரு சூரியன்தான் கணக்கு," என்றேன்.

அவள் தறியில் நாடாவை இரண்டு தடவை அப்படியும் இப்படியுமாகத் தட்டி ஓட்டினாள். "அப்போ அவுருக்கு அந்த ஊரு சூரியன், உனுக்கு இந்த ஊரு சூரியன்னு சொல்லு," என்றாள். சும்மா சொன்னாளோ குத்திச் சொன்னாளோ, எனக்குக் குத்தியது.

வந்த புதிதில் நன்றாக இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து பீர்க்கங்காய்க் கூட்டை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தணிகாசலத்தின் தொட்டியில் எட்டிப் பார்த்து, எந்தச் சாயத்தில் என்ன உப்பு என்று விளக்குவார். தணிகாசலம் மரியாதைக்குத் தலையாட்டுவார். வீட்டில் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டினார். பீரோ அளவுக்கு ஒரு மெஷின், அதன் மேல் கை வைத்துக்கொண்டு இவர். ஒரு துளி திரவத்தை விட்டால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடுமாம். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அவர் அவ்வளவு நெருக்கமாக நிற்கவில்லை.

ஆறு மாசம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராசிலிருந்து சந்திரப்பிரபு வந்தார். இவருக்குச் சித்தப்பா மகன், துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் வேலை, வெளிநாட்டு விவகாரம் எல்லாம் அத்துபடி.

"ரெண்டு வருஷம்லாம் குந்திகினு இருக்க வேணாம்ணா. டெல்லியிலேர்ந்து எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு பேப்பர் வாங்கிக் குடுத்துட்டா, அமெரிக்காக்காரன் அந்த ரூலை விட்டுருவான். பொங்கலுக்குள்ள நீ அங்க இருக்கலாம்," என்றார்.

நான் சந்திரப்பிரபுவின் தட்டில் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். தரணேந்திரன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் மலர்ந்தது. ஊருக்கு வந்து இறங்கிய அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. நான் இரண்டு வருஷத்தை ஒரு சொத்தாக நினைத்து வைத்திருக்கிறேன், அவர் அதைத் தண்டனையாக அனுபவிக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழம்பை ஊற்றிவிட்டுச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

விண்ணப்பம் டெல்லிக்குப் போனது, அங்கிருந்து மெட்ராசுக்கு வந்தது, திரும்பவும் டெல்லிக்குப் போனது. கடைசியில், நம் கல்லூரிகளில் இந்தப் பாடத்துக்கு ஆள் பற்றாக்குறை, ஆகவே ஆட்சேபணை உண்டு என்று பதில் வந்தது. என் நாடு என் மேல் அவ்வளவு அன்பு காட்டியது அந்த ஒரு முறைதான். அவர் அதை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மெஷின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று பாயசம் வைத்திருந்தேன், வேறு காரணத்துக்காக. ஆனால் அவர் நம்பியிருக்கமாட்டார்.

அதன் பிறகுதான் என்னையும் கூட்டிப்போகும் பேச்சு வந்தது. பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"போன தடவ நீ வந்திருந்தா, பர்மிஷன் வாங்கி வேலை பாத்திருக்கலாம். அந்த விசாவுக்கு அது உண்டு. இப்போ காலேஜ் வேலைக்குன்னு போற விசாவுல பொண்டாட்டி கூட வரலாம். வேலை பாக்கக் கூடாது."

"ஸ்கூல்லயா?"

"எங்கயுமே."

"வீட்ல பசங்களுக்கு ட்யூஷன் எடுத்தா?"

"காசு வாங்கினா அதுவும் கூடாது. சட்டம் அப்படி."

"அப்போ நான் அங்க வந்து இன்னா பண்ணட்டும்?"

அவர் மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார், "இருக்கலாம்."

தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அவரும் யோசித்துத்தான் இருக்கிறார். ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல் இரண்டு நாள் என் காதிலேயே கிடந்தது. ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்று கரும்பலகையில் நிரூபித்து முடிக்கும்போது, கடைசி பெஞ்சில் இருக்கிற ஏதாவது ஒரு பெண்ணின் முகம் திடீரென்று மாறும். நெசவாளி வீட்டுப் பெண், காலையில் நூல் சுற்றிவிட்டுப் பாதித் தூக்கத்தில் வந்திருப்பாள். அந்த முகத்துக்காகத்தான் நான் பள்ளிக்கூடம் போகிறேன், சம்பளம் அதற்கு அப்புறம். அவருக்கு மெஷின் எப்படியோ எனக்கு அது. அவர் ஆசைக்கு ஒரு நாடே விசா கொடுக்க யோசிக்கிறது, என் ஆசையை எந்த நாடும் விசாரிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சொல்லுகிற விஷயமாக அது இல்லை.

சித்திரை விடுமுறையில் ரேணுகாம்பாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறிப் பொன்னூர்க் கோயிலுக்குப் போனேன். தீர்த்தங்கரர்களிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டாலும் நடக்காது, அவர்கள் எல்லா ஆசையையும் கடந்து உட்கார்ந்திருப்பவர்கள், நம் ஆசை மட்டும் அவர்களுக்கு எதற்கு? கேட்கிறது என்றால் அவர்களுக்குக் காவலாக நிற்கிற யட்சியிடம் கேட்க வேண்டும். ஜ்வாலாமாலினி அம்மன் முன்னால் நின்றேன். அவர் போகக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அந்த மலர்ந்த முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போக வேண்டாம் என்று அவருக்கே தோன்ற வேண்டும் என்று கேட்டேன். வெளியே வந்ததும் ரேணுகாம்பாள், "இன்னா வேண்டிகினே?" என்றாள். "கஷ்டமான கணக்கு ஒண்ணு குடுத்துட்டு வந்திருக்கேன்," என்றேன்.

இரண்டாவது வருஷம் பாதிக்கு மேல் போனபோது அவர் சாப்பாடு குறைந்தது. பஸ் நேரத்துக்கு வந்திருக்கும், சூரியன் புகைபோக்கிக்கு மேலே தாராளமாக இருக்கும், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பசியில்லை என்பார். பிறகு அடுத்த பஸ்ஸில் வர ஆரம்பித்தார், பிறகு அதற்கும் அடுத்தது. நான் என் பங்கைப் பொழுதோடு தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். இருட்டியபின் வந்து இறங்குவார். கேரியரை வாங்கி, அது கனமாக இருப்பதைக் கவனிக்காமல் தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஒரு நாள் அவரே சொன்னார். "நீ சும்மா வந்து நிக்காத சக்ரா. நான் அங்கயே காலேஜ் பக்கத்துல சாப்டுட்டுதான் வரேன்."

"பொழுது சாஞ்சப்புறமா?"

"ஆமா."

ஒளிக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. நாங்கள் கோட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். நான் கேட்டேன், "அங்க மூணு வருஷத்துல ஒரு நாள்கூட விட்டதில்லையே."

கேரியரைக் கை மாற்றிக்கொண்டார். "அங்க அதையும் விட்டிருந்தா எங்கிட்ட ஒண்ணுமே மிஞ்சியிருக்காது," என்றார்.

அன்று ராத்திரி எனக்கு விளங்கியது. அங்கே இருந்தபோது இவர் ஆரணியில் இருந்தார். ஜன்னலோரம் டப்பாவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார். இப்போது ஆரணியில் இருந்துகொண்டு அங்கே இருக்கிறார். இத்தனை நாளும் கடல் தாண்டி இருந்தவருக்காக ஏங்கினேன் என்று நினைத்திருந்தேன். அந்த ஏக்கம் பரவாயில்லை, அதற்கு ஏர்மெயில் கவர் போதும். பக்கத்தில் படுத்திருக்கிறவருக்காக ஏங்கினால் எங்கே எழுதிப் போடுவது? எங்களுக்கு அதுவரை குழந்தையும் இல்லை. ஊரில் டாக்டர் பெயர்களைச் சொன்னார்கள். மூன்று வருஷம் ஒருத்தர் அங்கே, இரண்டு வருஷம் அவர் மனசு அங்கே, இதில் டாக்டர் என்ன செய்வார்?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, யாரும் கேட்காமலே, காந்தி ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன். அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய்த்தான் அவரைப் பிடிக்க முடியும் என்று தோன்றிவிட்டது. 'இருக்கலாம்' என்றாரே, இருந்து பார்ப்போம், சம்பளம் வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் போலீஸ் வந்து பிடிக்கும்? போட்டோக்காரர், "டீச்சர், கொஞ்சம் சிரிங்க, வெளிநாட்டுக்காரன் பயந்துடப் போறான்," என்றார். சிரிக்க முயன்றேன். படம் என் கைப்பையில் இருந்தது. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் முடியப் போகிற சமயத்தில்தான் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று, "வேற ஆளப் போட்டுட்டாங்களாம்," என்றார்.

அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி இருந்தது. வெளிநாட்டு ஆளுக்கு ஆசிரியர் வேலை கொடுப்பதானால், முதலில் பத்திரிகையில் விளம்பரம் செய்ய வேண்டும், வந்தவர்களையெல்லாம் பார்க்க வேண்டும், இவரைவிடத் தகுதியானவர் தங்கள் நாட்டில் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். வெறும் சம்பிரதாயம்தான், யாரும் வரமாட்டார்கள் என்று பேராசிரியர் எழுதியிருந்தாராம். ஒரு பெண்மணி வந்துவிட்டாள். அவளும் அதே மெஷினில் வேலை செய்தவள். அவள் இந்த இரண்டு வருஷத்தில் கட்டுரைகள் எழுதி வெளியிட்டிருந்தாள், இவரிடம் ஒன்றும் இல்லை. வேலூரில் மெஷின் ஏது? திரவம் அளக்கிற பிப்பெட்டுக்கே ஸ்டோர் கீப்பரிடம் கெஞ்ச வேண்டும். இரண்டு வருஷம் உன் நாட்டில் இரு என்று சட்டம் சொன்னது, இருந்தார். அந்த இரண்டு வருஷம் சும்மா இருந்தாயே என்று அதே சட்டத்தின் இன்னொரு பக்கம் கேட்டுவிட்டது.

எனக்கு அன்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும். புருஷன் எங்கேயும் போகவில்லை, இனி இரவல் இல்லை. ஆனால் அரிசியில் வைத்த கையை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டது இது இல்லை என்று அந்த யட்சியிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பாதிக் கணக்கைப் போட்டு விடையை மட்டும் எழுதிவிட்டாள். இப்படி எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் மார்க் போடுவதில்லை.

"ரொம்ப நல்லா வேலை செய்றவங்கதான் அந்தம்மா. நான் படிச்சிருக்கேன்," என்றார் அவர். பிறகு, "காபி இருக்குதா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் கோபப்படவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. காலையில் பஸ் ஏறிப் போவார், சாயங்காலம் வருவார். சுவரிலிருந்து மெஷின் படத்தைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது. வேலூரில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார், நான் மறுபடி கேரியரோடு போய் நின்றேன், பெஞ்சிலும் வீட்டிலும் கொறிப்பதோடு சரி. தட்டு முன்னால் உட்கார்ந்து, என்ன செய்ய வந்தோம் என்பதை மறந்தவரைப்போல இருப்பார். என் கைப்பையில் இருந்த படத்தை நான் வெளியே எடுக்கவில்லை. நான் வர இருந்தேன் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் நான் வழக்கம்போலக் கேரியரோடு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வானம் முழுக்க மேகம். புகைபோக்கி தெரிந்தது, சூரியன் இருந்ததா போனதா என்று தெரியவில்லை. தணிகாசலம் மூங்கில் கழிகளைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "கண்ணமங்கலத்தாண்ட லாரி கவுந்துடுச்சாம் டீச்சரம்மா, பஸ்ஸெல்லாம் நின்னுகினு கீது. நீங்களாவது பொழுதோட சாப்ட்டுடுங்க," என்றார். எனக்கு மனசு வரவில்லை. மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். இருட்டியது. தணிகாசலம் பல்பைப் போட்டார். நூலின் நிறமெல்லாம் மாறிப்போயிற்று, சற்று முன் பச்சையாகப் பார்த்தது இப்போது கறுப்பு.

பஸ் வந்தது. அவர் நனைந்துகொண்டே பட்டறைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். கேரியரைப் பார்த்தார்.

"பசிக்குது சக்ரா," என்றார்.

எத்தனை மாசம் கழித்து அந்த வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த புதிதில் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கூரையிலிருந்து தண்ணீர் தெறித்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு துடைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் வெளியே திரும்பிப் பார்த்துவிட்டார்.

"இருட்டிடுச்சி இல்ல," என்றார். எழுந்துகொள்ளப் போனார். அந்தப் பசியை வைத்துக்கொண்டு, மழையில் வீட்டுக்கு நடந்து, ஒன்றும் சாப்பிடாமல் படுத்துவிடுவார். காலையில் பசி இருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கேரியரின் கம்பியை விலக்கினேன். மேலடுக்கில் பீர்க்கங்காய்க் கூட்டு, அடுத்ததில் சாம்பார், அதற்கும் கீழே மோர். எல்லாம் ஆறிப்போயிருந்தது. பெரிய அடுக்கை அவர் முன்னால் வைத்துச் சாம்பாரை ஊற்றினேன்.

தணிகாசலம் கழியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "டீச்சரம்மா, பொழுது போயிடுச்சிம்மா," என்றார், நான் கவனிக்கவில்லையோ என்று.

"தெரியும்," என்றேன். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "அங்க இப்பத்தான் விடிஞ்சிகினு இருக்கும். சூரியன் இருக்குது. சாப்புடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மெஷினையோ கடலையோ அல்ல, என்னைத்தான் பார்த்தார். பிறகு குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் வாயை மெதுவாக எடுத்தார், அப்புறம் வேகமாகச் சாப்பிட்டார், கூட்டை மறுபடி கேட்டு வாங்கினார். மழை கொட்டகை ஓட்டின் மேல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் பங்குக்கான மூடி என் மடியில் காலியாக இருந்தது. பாதிச் சாப்பாட்டில் அவர் நிறுத்தி, தன் அடுக்கிலிருந்து ஒரு பிடி சாதத்தை எடுத்து, பல்பு வெளிச்சத்தில் அந்த மூடியில் வைத்தார்.